கடற்கொள்ளை: கப்பல் தொழிலாளியின் பக்கம் நின்று ஒரு பார்வை

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூருவில் கடல் இல்லை. கிழக்கே சென்னைத் துறைமுகம் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; மேற்கே மங்களூரும் ஏறத்தாழ அதே தொலைவுதான். ஆயினும் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் சாலையிலும் உள்ள கார்மெண்ட்ஸ் ஆலைகளில் தைக்கப்படும் சட்டைகளுக்குக் கடலோடு நெருங்கிய உறவு உண்டு. ஒயிட்ஃபீல்டு உலர் துறைமுகத்தில் கன்டெய்னரில் ஏற்றப்படும் சரக்கு ரயிலில் சென்னைக்குப் போகிறது. அங்கே கப்பலேறி ஐரோப்பியக் கடைகளைச் சென்றடைய, ஏடன் வளைகுடா, செங்கடல், சூயஸ் கால்வாய் ஆகியவற்றைக் கடப்பதே வழக்கமான பாதை.

2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரும் கப்பல் நிறுவனங்கள் அந்தப் பாதையைக் கைவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை நீண்டது. சரக்குக் கட்டணமும் காப்பீட்டுக் கட்டணமும் பன்மடங்கு உயர்ந்தன. இத்தகைய உயர்வை எந்த முதலாளியும் தன் லாபத்திலிருந்து மனமுவந்து கழித்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு பிராண்டு ஏற்றுமதியாளரை நெருக்கும். ஏற்றுமதியாளர் ஆலையில் உற்பத்தி இலக்கை உயர்த்துவார். கடைசியில் அந்தச் சுமை, தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் தொழிலாளியின் மீது இறங்கும். கடற்கொள்ளை என்பது தொலைதூரத்துச் செய்தி அன்று என்பதற்கு இது போதுமான சான்று.

இந்தப் பிரச்சனை குறித்து இரண்டு எளிய பதில்கள் உலவுகின்றன. முதலாவது, முதலாளித்துவ ஊடகங்கள் தரும் பதில். கடற்கொள்ளையர் காட்டுமிராண்டிகள், போர்க்கப்பலை அனுப்பிச் சுட்டுத் தள்ளினால் தீர்ந்துவிடும் என்பது அது. இரண்டாவது, முற்போக்கு வட்டாரங்களிலேயே சிலரிடம் கேட்கும் பதில். அவர்கள் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் ஏழைகள். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் மலைக்கள்ளன் கதை கடலில் நடக்கிறது என்பது அது. முதல் பதில் காரணத்தை மறைக்கிறது. இரண்டாவது பதில், பிணைக்கைதியாகக் கிடக்கும் தொழிலாளியை மறைக்கிறது. இரண்டையும் விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொள்ளையன் என்னும் பட்டம்

யாரைக் கொள்ளையன் என்று அழைப்பது என்பதை வரலாற்றில் பெரும்பாலும் வென்றவனே தீர்மானித்திருக்கிறான். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலுக்குள் பீரங்கிகளோடு நுழைந்த போர்ச்சுகீசியர், தங்களிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டு வாங்காத எந்தக் கப்பலையும் கைப்பற்றலாம் என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டனர். பல நூற்றாண்டுகளாக அரபியரும் குஜராத்தியரும் மலபாரிகளும் மரக்காயர்களும் சுதந்திரமாக வணிகம் செய்த கடலில், சுங்கம் கட்டாதவன் குற்றவாளியானான். அதை எதிர்த்துப் போரிட்ட கோழிக்கோட்டின் குஞ்ஞாலி மரக்காயர்களை அவர்கள் கடற்கொள்ளையர் என்றே எழுதி வைத்தனர். நான்காம் குஞ்ஞாலி மரக்காயர் 1600ஆம் ஆண்டு கோவாவில் கொல்லப்பட்டார். கர்நாடகக் கடற்கரையில் அதே போர்ச்சுகீசியரை எதிர்த்து நின்றவர் உள்ளாலின் ராணி அப்பக்கா.

ஆங்கிலேயர் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டனர். கொங்கணக் கடலில் மராத்தியக் கடற்படையை வழிநடத்திய ஆங்கிரே குடும்பத்தினரைக் கிழக்கிந்தியக் கம்பெனி கொள்ளையர் என்றது. 1756 பிப்ரவரியில் வாட்சனும் ராபர்ட் கிளைவும் விஜயதுர்க்கக் கோட்டையைக் கைப்பற்றினர். கொள்ளையரை ஒழிக்கப் போன படை, கோட்டையிலிருந்த செல்வத்தைத் தனக்குள் பங்கு போட்டுக்கொண்டது. கிளைவ் அங்கிருந்து கடலூரின் செயிண்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். அடுத்த ஆண்டு பிளாசிப் போர் நடந்தது. அதற்குப் பிறகு வங்காளம் எவ்வாறு சூறையாடப்பட்டது என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்து வந்த பிரான்சிஸ் டிரேக்குக்கு 1581இல் இங்கிலாந்து அரசி வீரப்பட்டம் வழங்கினார். பிரிட்டனின் வெளிநாட்டு முதலீட்டுக்கு டிரேக் கொண்டுவந்த செல்வமே தொடக்கம் என்று, முதலாளித்துவப் பொருளாதார அறிஞரான கெய்ன்ஸே கணக்குப் போட்டுக் காட்டினார்.

இன்றைய சர்வதேசச் சட்டத்திலும் இந்தச் சாய்வின் தடம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101ஆவது பிரிவு கடற்கொள்ளையை வரையறுக்கிறது. அதன்படி, ஒரு தனியார் கப்பலில் வருவோர் தனிப்பட்ட ஆதாயத்துக்காக ஆழ்கடலில் வேறொரு கப்பலைத் தாக்கினால்தான் அது கடற்கொள்ளை. ஓர் அரசின் போர்க்கப்பல் அதே செயலைச் செய்தால் அந்தப் பெயர் பொருந்தாது. 2010 மே 31 அன்று, காசா மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற மாவி மர்மரா கப்பலைச் சர்வதேசக் கடற்பரப்பில் இஸ்ரேலியப் படை தாக்கியது. ஒன்பது பேர் அங்கேயே கொல்லப்பட்டனர். படுகாயமடைந்த பத்தாமவர் பின்னர் இறந்தார். சட்டப் புத்தகத்தின்படி அது கடற்கொள்ளை ஆகாது.

இந்த வரலாறு ஒரு எச்சரிக்கையைத் தருகிறது. பட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. செயலையும் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். அந்த எச்சரிக்கை இரு பக்கமும் வெட்டும். குஞ்ஞாலி மரக்காயரைக் கொள்ளையர் என்று அழைத்தது பொய் என்பதால், கொள்ளையர் என்று அழைக்கப்படும் எல்லோரும் குஞ்ஞாலி மரக்காயர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

சோமாலியா: அரசு சரிந்த கரை

நவீன கடற்கொள்ளையின் மிகப் பெரிய அலை எழுந்த இடம் சோமாலியா. அது இன்று நேற்று உருவான நெருக்கடி அன்று. 1969இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த சியாத் பாரே, எத்தியோப்பியாவுடனான 1977-78 போரின்போது சோவியத் நாட்டிடமிருந்து விலகி அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தார். 1980இல் பெர்பெரா துறைமுகத்தைப் பயன்படுத்தும் வசதி அமெரிக்கப் படைக்குக் கிடைத்தது. சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகள் பின்தொடர்ந்தன. கடனும் பஞ்சமும் உள்நாட்டுப் போரும் ஒன்றையொன்று வளர்த்தன. 1991 ஜனவரியில் பாரே விரட்டப்பட்டார். அவரோடு அரசு என்ற அமைப்பே சரிந்தது.

மூவாயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட கடற்கரை. அதைக் காக்க ஒரு படகுகூட இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த இழுவைமடிக் கப்பல்கள் அந்தக் கடலில் சூரையையும் இறாலையும் அள்ளிச் சென்றன. சிறு படகுகளில் போன உள்ளூர் மீனவர்களின் வலைகள் அறுக்கப்பட்டன. 2004 டிசம்பர் சுனாமி நாகப்பட்டினத்தையும் குளச்சலையும் அழித்த அதே நாளில் சோமாலியக் கரையையும் தாக்கியது. நச்சுக் கழிவுகள் கொண்ட கலன்கள் அங்கே கரை ஒதுங்கியதாக வந்த தகவல்களை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது.

இன்னொரு நிகழ்வையும் கவனிக்க வேண்டும். அரசில்லாத அந்தக் கரையின் வடகிழக்கில் இருந்த புன்ட்லாந்து நிர்வாகம், 1999 வாக்கில் கடலோரக் காவலை ஒரு பிரிட்டிஷ் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களுக்கு உரிமம் விற்று வரும் பணத்திலிருந்தே காவல் நடந்தது. திருடனிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டைக் காவல் காத்த கதைதான் அது. ஒப்பந்தம் முறிந்தபோது, படகு ஓட்டவும் துப்பாக்கி பிடிக்கவும் கப்பலில் ஏறவும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேலையின்றிக் கரையில் நின்றனர். அவர்களில் சிலர் பிற்காலத்தில் கொள்ளைக் கூட்டங்களில் சேர்ந்தனர். அரசின் கடமையைத் தனியாருக்கு விற்றால் என்ன நேரும் என்பதற்குப் பொதுத்துறை நகரமான பெங்களூருவின் தொழிலாளர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

2006இல் தலைநகர் மொகதிஷுவையும் தெற்குப் பகுதிகளையும் இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு சில மாதங்கள் ஆண்டபோது கடற்கொள்ளை குறைந்தது. அதன் மதவாத அரசியலை ஏற்க முடியாது. ஆனால், கரையில் ஏதோ ஒரு நிர்வாகம் இருந்தபோது கடல் அமைதியானது என்ற உண்மையை மறுக்கவும் முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆதரவோடு எத்தியோப்பியப் படை உள்ளே நுழைந்தது. அதன் பின்னரே கடற்கொள்ளை முன்பு இல்லாத அளவுக்குப் பெருகியது.

பங்கு பிரிக்கும் முறை

இதுவரை சொன்னது காரணம். காரணம் வேறு, நியாயம் வேறு. கொள்ளையர் தங்களைக் கடலோரக் காவலர்கள் என்று அழைத்துக்கொண்டனர். அந்தக் கூற்றை அவர்களின் செயலோடு வைத்துப் பார்க்கலாம்.

2005 ஜூனில் அவர்கள் கைப்பற்றிய கப்பல்களில் ஒன்று செம்லோ. அது மீன் திருடும் கப்பல் அன்று. சோமாலியாவில் சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக உலக உணவுத் திட்டம் அனுப்பிய 850 டன் அரிசி அதில் இருந்தது. தம் சொந்த நாட்டின் பட்டினிக்குப் போன அரிசியை மூன்று மாதங்களுக்கு மேல் அவர்கள் தடுத்து வைத்தனர். தூத்துக்குடித் தோணிகளைப் போன்ற குஜராத்தின் மரக்கலங்களையும் அவர்கள் விடவில்லை. 2017 ஏப்ரலில் கடத்தப்பட்ட அல் கவுசர், மாண்ட்வியைச் சேர்ந்த அத்தகைய சிறு கலம்; பதினொரு இந்தியத் தொழிலாளர்கள் அதில் இருந்தனர். ஏமன் நாட்டு மீனவர்களின் படகுகளைப் பறித்துக்கொண்டு, அவற்றையே தாய்க்கப்பலாக்கி, மீனவர்களை அடிமைகளாக வேலை வாங்கினர்.

கொள்ளைத் தொழிலின் உள்ளமைப்பும் சமத்துவச் சோலையாக இல்லை. உலக வங்கியும் இன்டர்போலும் ஐ.நா.வின் குற்றத்தடுப்பு அலுவலகமும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 ஏப்ரல் முதல் 2012 டிசம்பர் வரை 179 கப்பல்கள் கடத்தப்பட்டன. 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பிணைத்தொகை பெறப்பட்டது. உயிரைப் பணயம் வைத்துக் கப்பலில் ஏறும் இளைஞனுக்குக் கிடைப்பது ஒரு தடவைக்கான நிலையான கூலி. பெரும் பங்கு, படகுக்கும் எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கும் முதல் போட்டுவிட்டு நகரத்தில் அமர்ந்திருக்கும் பணக்காரனுக்குப் போகிறது. அவன் அந்தப் பணத்தை மனை வணிகத்திலும் ஓட்டல்களிலும் 'காட்' என்ற போதை இலை வியாபாரத்திலும் போடுகிறான். கப்பலில் காவல் இருக்கும் இளைஞர்களுக்கு அதே இலை கடனாக, கூடுதல் விலையில் கொடுக்கப்படுகிறது. கடைசியில் கூலியிலிருந்து கழிக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் கணக்கு நோட்டை நம் முன்னோர் அறிவார்கள். அதே நோட்டுத்தான் அங்கேயும்.

மறுபுறம், கப்பல் உலகம் இதிலும் சந்தையைக் கண்டது. காப்பீட்டு நிறுவனங்கள் 'போர் அபாயக் கட்டணம்' வசூலித்தன. பேரம் பேசுவதற்குத் தனி நிறுவனங்கள், ஆயுதக் காவலுக்குத் தனி நிறுவனங்கள் முளைத்தன. சோமாலியக் கடற்கொள்ளையால் உலக வணிகத்துக்கு ஆண்டுக்கு 1,800 கோடி டாலர் செலவு என்று உலக வங்கி 2013இல் மதிப்பிட்டது. கொள்ளையர் பெற்ற தொகை அதில் மிகச் சிறு பகுதியே.

பிணையில் கிடந்தவர் யார்?

கொள்ளைக்கூட்டத்தின் முதலாளி பாதுகாப்பாக இருந்தான். கப்பல் முதலாளிக்குக் காப்பீடு இருந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு உயர்த்தப்பட்ட கட்டணம் இருந்தது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் துப்பாக்கி முனையில் கிடந்தவர் கப்பல் தொழிலாளி. அவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தியா, வங்கதேசம், இலங்கை, மியான்மர், கானா போன்ற நாடுகளின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

2010 செப்டம்பரில் ஆஸ்பால்ட் வென்ச்சர் என்ற கப்பல் பதினைந்து இந்தியர்களோடு கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் பிணைத்தொகை கொடுக்கப்பட்டது, கப்பல் விடுவிக்கப்பட்டது. ஆனால் ஏழு பேரைக் கொள்ளையர் கரைக்குக் கொண்டுசென்றனர். இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் தங்கள் கூட்டாளிகளை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றனர். அந்த ஏழு பேரும் விடுதலையானது 2014 அக்டோபர் இறுதியில். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் அவர்களின் குடும்பங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கின. 2010 மார்ச்சில் கடத்தப்பட்ட ஐஸ்பெர்க் 1 கப்பலின் தொழிலாளர்களோ, முதலாளியாலேயே கைவிடப்பட்டவர்கள். ஏறத்தாழ ஆயிரம் நாட்களுக்குப் பிறகு, 2012 டிசம்பரில் புன்ட்லாந்துப் படையினரே அவர்களை மீட்டனர்.

கைவிடுதல் என்பது கொள்ளையர் இல்லாத இடத்திலும் நடக்கிறது. சரக்கு இறங்கியதும், கடன் முற்றியதும், சம்பளமும் உணவும் எரிபொருளும் கொடுக்காமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலையும் ஆட்களையும் விட்டுவிட்டு முதலாளி மறைந்துவிடுகிறார். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் 312 கப்பல்களில் 3,133 தொழிலாளர்கள் இவ்வாறு கைவிடப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும் எண்ணிக்கையினர் இந்தியர்கள், 899 பேர். முதலாளி ஒரு நாட்டவர். கப்பலின் கொடியோ பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற வேறொரு நாட்டினுடையது. இந்த மூன்று கொடிகளின் கீழ் மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஓடுகிறது. வரியும் தொழிலாளர் சட்டமும் தொடாதபடி வாங்கிய வாடகைக் கொடி அது. துப்பாக்கியைக் காட்டி ஒரு மாலுமியை ஓராண்டு கப்பலில் அடைத்து வைத்தால் அது கடற்கொள்ளை. சம்பளம் தராமல் ஓராண்டு அதே கப்பலில் கிடக்கவிட்டால் அது சிவில் தகராறு.

தார்மீக அளவுகோல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு செயலின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதே கேள்வி. அந்த அளவுகோலை நண்பர்களுக்கும் பயன்படுத்த வேண்டும். காசாவில் நடந்த இனப்படுகொலையை எதிர்த்து ஏமனின் ஹவுதி இயக்கம் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியது. பாலஸ்தீன மக்களுக்கான ஆதரவு முற்றிலும் நியாயமானது. ஆனால் 2023 நவம்பரில் கைப்பற்றப்பட்ட கேலக்ஸி லீடர் கப்பலின் இருபத்தைந்து தொழிலாளர்கள் பதினான்கு மாதங்கள் சிறைப்பட்டிருந்தனர். 2024 மார்ச்சில் ட்ரூ கான்பிடன்ஸ் கப்பலின் மீதான தாக்குதலில் மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர். இருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஒருவர் வியட்நாமியர். அவர்கள் சாவுக்கு எந்த நியாயத்தையும் கற்பிக்க முடியாது.

நம் கரையில் இரண்டு வழக்குகள்

போர்க்கப்பலும் துப்பாக்கியும் மட்டுமே விடை என்று சொல்வோருக்கு நம் கரையே பதில் சொல்லும்.

2012 பிப்ரவரி 15. கேரளத்தின் நீண்டகரையிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற செயிண்ட் ஆண்டனி என்ற படகு, கரையிலிருந்து இருபது கடல் மைல் தொலைவில் இருந்தது. அவ்வழியே சென்ற என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இரண்டு கடற்படை வீரர்கள் அதை நோக்கிச் சுட்டனர். இரண்டு மீனவர்கள் கொல்லப்பட்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டோம் என்பது சுட்டவர்களின் வாதம். கறுத்த உடலும் சிறு படகும் சந்தேகத்துக்குப் போதுமானவையாக இருந்தன. எட்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2020இல் சர்வதேச நடுவர் மன்றம், அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்தியாவில் விசாரிக்க முடியாது என்றும், இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டது. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. கொலைக்கு எந்த நீதிமன்றத்திலும் தண்டனை கிடைக்கவில்லை.

இந்தியக் கடற்படையும் இதிலிருந்து பாடம் பெற வேண்டியுள்ளது. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் ஐ.என்.எஸ். தபார் ஒரு கொள்ளையர் தாய்க்கப்பலை மூழ்கடித்ததாக நாடே கொண்டாடியது. அது கொள்ளையர் கைப்பற்றிய எகாவத் நாவா 5 என்ற தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பது சில நாட்களில் தெரியவந்தது. தங்கள் மீது சுட்டதால் திருப்பிச் சுட்டதாகக் கடற்படை விளக்கியது. கப்பலுக்குள் கட்டுண்டு கிடந்த தொழிலாளர்களில் ஒருவர் மட்டும் பல நாட்கள் கடலில் மிதந்து உயிர் பிழைத்தார். இதற்கு மாறாக, 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா நாற்பது மணி நேரம் பொறுமையாக நெருக்கி, ரூயன் கப்பலில் இருந்த 35 கொள்ளையரைச் சரணடையச் செய்தது; 17 மாலுமிகள் உயிரோடு மீண்டனர். மாலுமியின் உயிரை மையமாக வைத்தால் இப்படியும் செயல்பட முடியும்.

இரண்டாவது வழக்கு தூத்துக்குடியில் நடந்தது. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓகையோ என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கியது. ஓர் அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் மிதக்கும் ஆயுதக் கிடங்கு அது. வணிகக் கப்பல்களில் ஏறும் காவலர்கள் துறைமுகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரச் சட்டம் இடம் தராததால், துப்பாக்கிகளையும் ஆட்களையும் நடுக்கடலிலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடு. 35 துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் பிடிபட்டன. இந்தியா, எஸ்தோனியா, பிரிட்டன், உக்ரைன் நாடுகளைச் சேர்ந்த 35 பேர் கைதாயினர். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது; 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. தமிழ்நாட்டுச் சிறைகளில் நாட்களை எண்ணியவர்கள் கூலிக்கு வந்த காவலர்களும் மாலுமிகளும்தான். லாபம் பார்த்தவர் எவரும் அங்கே வரவில்லை.

பாக் நீரிணை வைக்கும் கேள்வி

சோமாலியக் கடலை ஐரோப்பியக் கப்பல்கள் அள்ளியதைக் கண்டிப்பது எளிது. அதே அளவுகோலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்போதுதான் அதன் நேர்மை தெரியும்.

வேதாரண்யம், ஆறுகாட்டுத்துறை, செருதூர் மீனவர்கள் கோடியக்கரைக்குத் தென்கிழக்கே தாக்கப்பட்ட செய்திகள் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன. இரவில் அதிவேகப் படகில் வருவோர் கத்தியைக் காட்டி வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் செல்போனையும் பிடித்த மீனையும் பறித்துக்கொண்டு போகிறார்கள். செய்தித் தலைப்பு அவர்களை 'இலங்கைக் கடற்கொள்ளையர்' என்கிறது. பாதிக்கப்பட்ட ஃபைபர் படகு மீனவர் ஏழை. கடன் வாங்கி வலை வாங்கியவர். அவரைத் தாக்கியவர்கள் குற்றவாளிகள். இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

ஆனால் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் இன்னொரு காட்சி தெரியும். முப்பது ஆண்டுப் போரில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த யாழ்ப்பாணத்து, முல்லைத்தீவு, மன்னார் தமிழ் மீனவர்கள் 2009க்குப் பிறகு சிறு படகுகளோடு தொழிலுக்குத் திரும்பினர். இரவில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் இழுவைமடியோடு வந்து கடலடியைச் சுரண்டிச் செல்கின்றன. போகும்போது அவர்கள் விரித்த வலைகளும் அறுபடுகின்றன. அந்த வலையும் கடனில் வாங்கியதுதான். அவர்கள் மொழியில் கொள்ளையன் என்ற சொல் யாரைக் குறிக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்தது.

இதைச் சொல்வதால் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச்சூட்டையும் கைதுகளையும் படகுப் பறிமுதலையும் ஏற்றுக்கொள்வதாகப் பொருள் இல்லை. கைதாகிறவர் பெரும்பாலும் கூலிக்குப் போன மீன்பிடித் தொழிலாளி. பல படகுகளை வைத்திருக்கும் முதலாளி கரையில் இருக்கிறார். இந்த முறையைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவரும் மீனவர் அன்று. 1950களில் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்திலிருந்து, இறால் ஏற்றுமதிக்காக அரசே இழுவைமடியை மானியம் கொடுத்து வளர்த்தது. பாக் விரிகுடாவின் இந்தியப் பக்கம் வற்றியபோது படகுகள் கோட்டைத் தாண்டின. 2017இல் 1,600 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், படகுக்கு அதிகக் கடனும் டீசலுக்கு அதிகச் செலவும் வேண்டுவதாக இருந்ததால் ஏழை மீனவரை எட்டவில்லை. இரு கரையும் தமிழ் பேசுகின்றன. இரு கரையிலும் உழைப்பாளிகள் மோதவிடப்பட்டுள்ளனர். இனவாதிகள் இரு பக்கமும் அந்த மோதலில் வாக்கு அறுவடை செய்கின்றனர்.

சட்டமும் கடமையும்

இந்திய நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டத்தின் தேவையை மறுக்க முடியாது. 1999இல் அலோண்ட்ரா ரெயின்போ கப்பலைக் கடத்தியவர்கள் மும்பையில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானபோது சட்டத்தின் இடைவெளி வெளிப்பட்டது. ஆனால் உயிரிழப்பு நேர்ந்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்கிறது இச்சட்டம். மரண தண்டனையைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்கள் இதையும் எதிர்க்க வேண்டும். தூக்குக் கயிறு உறுதி என்று தெரிந்தவன் சரணடைய மாட்டான். அதன் விலையைக் கொடுப்பது பிணைக்கைதி.

சோமாலியக் கடற்கொள்ளையர் தாக்குதல் 2011இல் 237 ஆக இருந்தது. 2013இல் 15 ஆகக் குறைந்தது. பன்னாட்டுக் கடற்படைகளின் வலிமை அதற்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் செங்கடலில் கவனம் திரும்பிய 2023 இறுதியில் கொள்ளையர் மீண்டும் புறப்பட்டனர். 2024 மார்ச்சில் வங்கதேசத்தின் அப்துல்லா கப்பல் 23 தொழிலாளர்களோடு கடத்தப்பட்டது. கிளையை வெட்டினார்கள், வேர் கரையில் அப்படியே கிடந்தது.

ஆகவே, தொழிலாளி வர்க்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஏழை நாடுகளின் கடலில் பெருநிறுவனக் கப்பல்கள் நடத்தும் சட்டவிரோத மீன்பிடிப்பும் கழிவு கொட்டுதலும் கடற்கொள்ளைக்கு நிகரான குற்றமாகக் கருதப்பட வேண்டும். பிணையில் இருக்கும் மாலுமிக்கு ஊதியம் தொடர வேண்டும் என்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை இந்திய அரசு ஒவ்வொரு முதலாளியிடமும் கறாராக நிறைவேற்ற வேண்டும். மாலுமிகளைக் கைவிடும் நிறுவனங்களும் அவர்களை ஏமாற்றி அனுப்பும் முகவர்களும் தண்டிக்கப்பட வேண்டும். கடலில் தனியார் ஆயுதப்படைகள் கூடாது. பாக் நீரிணையில் இழுவைமடியைக் கைவிடக் காலக்கெடுவும், படகில் கூலிக்குப் போகும் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரமும் வேண்டும். இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் பேச வழி திறக்கப்பட வேண்டும்.

பெங்களூருவில் உள்ள தோழர்களுக்கும் இதில் வேலை உண்டு. கார்மெண்ட்ஸ் தொழிலாளியும், ஒயிட்ஃபீல்டில் கன்டெய்னரை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளியும், சென்னைத் துறைமுகத் தொழிலாளியும், கப்பல் மாலுமியும் ஒரே சங்கிலியில் உழைப்பவர்கள். கடலில் ஏதேனும் நேரும்போது சரக்கு என்ன ஆயிற்று என்று முதலாளி விசாரிக்கிறார். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் நம் சங்கங்களில் வேரூன்ற வேண்டும். அடுத்த முறை ஒரு கப்பல் கடத்தப்பட்ட செய்தி வரும்போது வாயிற்கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.